ஹாலோவீன் இரவை ஐரிஷ் முறையில் நடத்துவது எப்படி: டர்னிப் விளக்கு முதல் பேய்க்கதை வரை

பூசணிக்காய், பிளாஸ்டிக் எலும்புக்கூடு, வாடகைக்கு எடுத்த சூனியக்காரி உடை, பை நிறைய சாக்லேட். ஹாலோவீன் என்றதும் நம் கண்முன் வருவது இவைதான். எல்லாமே அமெரிக்கா போய்த் திரும்பி வந்த சரக்கு. இந்தப் பண்டிகை வளர்ந்த அயர்லாந்தின் கிராமங்களில் அன்று கடைக்குப் போகும் வேலையே பெரிதாக இருக்காது. வயலில் விளைந்த டர்னிப், ஒரு பானை உருளைக்கிழங்கு, ஒரு பழ ரொட்டி, ஆப்பிள், கொஞ்சம் கொட்டை வகைகள். அதற்கு மேல் தேவைப்பட்டது கதை சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர் மட்டும்தான்.

டப்ளினிலோ லண்டனிலோ குழந்தைகளோடு இருப்பவர்கள் இந்த இரவை அப்படியே நடத்தலாம். ஓவனும் நாலு பேரும் இருந்தால் வேறு ஊர்க்காரர்களும் நடத்தலாம். நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: வரிசையை மாற்றாதீர்கள். முதலில் விளக்கு, பிறகு சாப்பாடு, பிறகு குறி பார்க்கும் விளையாட்டு, கடைசியில்தான் கதை. எடுத்த எடுப்பில் பேய்க்கதையை ஆரம்பித்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். வயிறு நிறைந்து, நன்றாகச் சிரித்து ஓய்ந்த கூட்டம்தான் சட்டென்று பயப்படும்.

இது என்ன இரவு?

அக்டோபர் 31 அன்று பொழுது சாய்ந்ததும் தொடங்குவது சவ்வின் என்ற பழைய ஐரிஷ் திருநாள். அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பி, குளிர்காலம் பிறக்கிற நேரம். அன்று ஓர் இரவு மட்டும் நம் உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள். அந்தக் கதவுக்கு முகவரியே உண்டு. ராஸ்காமன் மாவட்டத்தில், ரத்குரோகன் தொல்லியல் பகுதியில், பூனைகளின் குகை என்றொரு பொந்து இருக்கிறது. கொடிய மிருகங்களும் பறவைகளும் அதிலிருந்து கிளம்பி ஊரை அழித்ததாக இடைக்காலக் கதைகள் பேசுகின்றன. இன்றைக்கும் டல்ஸ்க் கிராமத்திலுள்ள பார்வையாளர் மையத்திலிருந்து வழிகாட்டியோடு போய் உள்ளே இறங்கலாம். வாசலில் கிடக்கும் கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து பொறித்திருக்கும். அதற்குக் கீழே தவழ்ந்துதான் போக வேண்டும், உள்ளே முழுக்கச் சேறு. நல்ல பேன்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

8, 9-ஆம் நூற்றாண்டுகளில் ரோமாபுரித் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர்கள் நாளாக ஆக்கியது. அதற்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். பின்னர் நவம்பர் 2 இறந்தோர் அனைவருக்குமான நாளானது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று குழிமேட்டைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அதே நாள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் இந்தப் பழக்கங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூசணி மலிவு, பெரிது, குடைய எளிது. டர்னிப்பை மறந்துவிட்டார்கள்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

அக்டோபர் 30 இரவு இரண்டு வேலை. முதலாவது, ரொட்டிக்கான உலர்பழத்தை ஊறவைப்பது. 350 கிராம் உலர் திராட்சை (கறுப்பும் வெள்ளையும் கலந்து), 300 மில்லி சூடான கட்டன் சாயா. பால் கூடாது. தேயிலையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, கசக்கிற அளவுக்கு இறக்குங்கள். சாயாவைப் பழத்தின் மேல் ஊற்றி மூடி வைத்துவிட்டால் காலையில் திராட்சை உப்பி நிற்கும்.

இரண்டாவது, டர்னிப். அயர்லாந்தில் டர்னிப் என்று கேட்டால் தருவது உள்ளே மஞ்சளாக, வெளியே ஊதா கலந்து, தேங்காய் அளவில் இருக்கும் கிழங்கு. இங்கிலாந்துக் கடைகளில் ஸ்வீடு (swede) என்ற பெயரில் கிடக்கும். அதில் பெரிதாகப் பார்த்து எடுங்கள். இது எதுவும் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் பெரிய பீட்ரூட்டை வைத்துச் சமாளிக்கலாம்.

டர்னிப் விளக்கு

பூசணி குடைந்தவர்கள் அதே நினைப்பில் இதில் கை வைக்க வேண்டாம். டர்னிப்புக்குள் விதையும் கிடையாது, குழியும் கிடையாது. முழுக்கக் கெட்டிச் சதை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும்.

அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவி ஆடாமல் நிற்க வையுங்கள். மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கை மூடியாக வெட்டி எடுங்கள். உள்சதையில் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, கெட்டியான ஸ்டீல் கரண்டியால் கட்டம் கட்டமாகப் பெயர்க்க வேண்டும். மெல்லிய டீஸ்பூன் வளைந்துவிடும். வீட்டில் டிரில்லிங் மெஷின் இருந்தால் நடுவில் நாலு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். சுவர் ஒரு விரல் கனத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் குடைந்தால் முகம் வெட்டும்போது விரிசல் விடும். எடுத்த சதையைத் தூக்கிப் போடாமல் வேகவைத்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்தால் மதியத்துக்கு ஒரு கறி ஆயிற்று.

முகம் வெட்டும்போது சிரிக்கிற பொம்மை முகம் வேண்டாம். மேயோ மாவட்டத்தில் காசில்பார் அருகே டர்லோ பார்க்கில் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது. அங்கே டொனகால் மாவட்டத்து ஃபின்டவுன் கிராமத்தில் குடைந்த ஒரு டர்னிப் முகத்தின் அச்சு வார்ப்பை வைத்திருக்கிறார்கள். அசல் டர்னிப்பை 1943-ல் ஒரு பள்ளி ஆசிரியை கொடுத்தாராம். குழிந்த கண், நறுக்கென்று நாலைந்து பல், சுருங்கிப்போன கன்னம். அதைப் பார்த்தபின் எந்தப் பூசணியும் பயமுறுத்தாது. ரகசியம் எளிது: கண்ணைச் சின்னதாக, ஆழமாக வெட்டுங்கள். பற்களை ஒழுங்கில்லாமல் விடுங்கள். தோலை முழுக்கச் சீவாமல் அங்கங்கே விட்டால் அது தானே தோல் உரிந்த முகமாகிவிடும்.

மூடியில் புகை போக ஓர் ஓட்டை, பக்கவாட்டில் கயிறு கட்ட இரண்டு ஓட்டை. உள்ளே சின்ன மெழுகுவர்த்தி. டர்னிப் சூடேறும்போது வரும் கருகல் வாடை அயர்லாந்தில் வயதானவர்களுக்கு ஹாலோவீனின் வாசனையே. நமக்கு அது நாற்றம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கையில் தூக்கிப் போவதானால் பேட்டரி விளக்கு போதும்.

எதற்கு விளக்கு என்று குழந்தைகள் கேட்டால் ஜாக் கதையைச் சொல்லுங்கள். சாத்தானையே ஏமாற்றி மரத்தில் ஏறவைத்து, கீழே சிலுவை போட்டு இறங்க விடாமல் மடக்கி, தன் ஆன்மாவைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிய கஞ்சன் ஜாக். செத்ததும் சொர்க்கத்தில் சேர்க்கவில்லை. நரகத்துக்குப் போனால் சாத்தான் சத்தியத்தைக் காட்டி விரட்டினான். போகிற வழிக்கு வெளிச்சமாக ஒரு தணல் துண்டை மட்டும் எறிந்தான். அதை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம்.

பார்ம்பிராக்: குறி சொல்லும் ரொட்டி

ஊறிய பழத்தோடு மிச்சமிருக்கும் சாயாவையும் சேர்த்து, 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருவது), 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, அடித்த முட்டை ஒன்று, ஒரு டீஸ்பூன் மசாலாத் தூள் (பட்டை, ஜாதிக்காய், கிராம்பு). எல்லாம் கலந்து, வெண்ணெய்த் தாள் விரித்த நீளமான ரொட்டி டின்னில் ஊற்றுங்கள். 170 டிகிரியில் ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் இன்னும் கால் மணி. குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைப்பது பழைய முறை. இது வீடுகளில் இன்று பரவலாகச் செய்யும் சாயா பிராக்.

இனி ரொட்டிக்குள் ஒளிக்கும் பொருள்கள். மோதிரம் வந்தால் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் பணம். துணிக் கிழிசல் வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. குச்சி வந்தால் சண்டை சச்சரவான இல்லறம். கடையில் விற்கும் பிராக்கில் இப்போது மோதிரம் மட்டும்தான் வருகிறது. வீட்டில் செய்யும்போது ஐந்தையும் வைக்காவிட்டால் விளையாட்டு உப்புச்சப்பில்லாமல் போகும், ஏனென்றால் நல்ல குறிக்கு மட்டும் யாரும் அலற மாட்டார்கள். ஒவ்வொன்றையும் வெண்ணெய்த் தாளில் மடித்து, ரொட்டி ஆறியபின் அடியில் கீறிச் செருகுங்கள். சாப்பிடுகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பல் உடையக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குத் துண்டைப் பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

கோல்கேனன்

பழைய கத்தோலிக்க வழக்கப்படி அன்று மாமிசம் கிடையாது, அதனால் இரவுச் சாப்பாடு உருளைக்கிழங்கு. ஒரு கிலோ மாவுக்கிழங்கை (ரூஸ்டர் வகை நன்றாக இருக்கும்) வேகவைத்து மசித்து, சூடான பாலில் வெங்காயத்தாள் போட்டு ஊற்றி, வேகவைத்துப் பொடியாக நறுக்கிய கேல் கீரை அல்லது முட்டைக்கோஸைக் கலக்க வேண்டும். தட்டில் குவித்து நடுவில் குழி பறித்து, அதில் வெண்ணெய்க் கட்டி. ஓரத்திலிருந்து எடுத்து, உருகிய வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுங்கள். நம் நாக்குக்கு மிளகை இரட்டிப்பாக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வாசல் வேலை

நேரத்தை மாற்றிவைக்கும் ஞாயிறு அக்டோபர் கடைசியில் வந்துவிடுவதால், 31-ஆம் தேதி டப்ளினில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்திலிருந்து எட்டு வரை குழந்தைகள் கதவைத் தட்டுவார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். விருப்பமில்லாவிட்டால் அணைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆப்பிளும் கொட்டையும் கேட்டு வீடு வீடாகப் போவது பழைய வழக்கம். அதன் எச்சமாக இன்றும் அக்டோபரில் ஐரிஷ் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை வந்து குவியும். நமக்குக் கொண்டாட்டம்தான். வீட்டுக்கு ரெண்டு பை வாங்கி வையுங்கள். ஒவ்வாமை இருக்கலாம் என்பதால் வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

உடைக்குச் செலவு வேண்டாம். முகத்தில் கரி, அப்பாவின் பழைய கோட்டு, வைக்கோல் முகமூடி. முன்பு போட்ட வேஷம் இவ்வளவுதான். கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் தேவதைக் கூட்டம் வழி மயக்காது என்றும் நம்பினார்கள். அயர்லாந்தின் தேவதைகளைச் சிறகு முளைத்த அழகிகளாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்.

பட்டாசு பற்றி ஒரு வார்த்தை. 2024-ல் தீபாவளி சரியாக அக்டோபர் 31-லேயே வந்தது. ஊரெல்லாம் வெடிச்சத்தம் கேட்டால் நம் கை அரிக்கும். ஆனால் அயர்லாந்துக் குடியரசில் உரிமம் இல்லாமல் பட்டாசு வைத்திருப்பதே குற்றம், வடக்கு அயர்லாந்திலும் உரிமம் வேண்டும். கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெருவில் பையன்கள் டயரும் பலகையும் போட்டு எரிக்கும் தீயின் பக்கமும் போகாதீர்கள். வாணவேடிக்கை பார்த்தே ஆக வேண்டுமென்றால் டெர்ரி நகரத்துக்குப் போகலாம், ஹாலோவீனைப் பல நாள் விழாவாகவே நடத்துகிறார்கள்.

விளையாட்டு

கதவைச் சாத்திவிட்டு, பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி ஆப்பிளை மிதக்கவிடுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லால் கவ்வ வேண்டும். கீழே துண்டு விரிக்க மறக்காதீர்கள். கயிற்றில் ஆப்பிளைத் தொங்கவிட்டுக் கவ்வுவது இன்னொரு வகை. டேனியல் மக்லீஸ் 1833-ல் வரைந்த ஹாலோவீன் ஓவியத்தில் இந்த விளையாட்டையெல்லாம் ஒரே கூடத்தில் பார்க்கலாம். பழைய முறையில் தொங்கும் சிலுவைக் குச்சியின் இரு முனையில் ஆப்பிள், மற்ற இரு முனையில் எரியும் மெழுகுவர்த்தி. அதை மட்டும் செய்து பார்க்க வேண்டாம்.

குறி பார்ப்பதில் மூன்று தட்டு விளையாட்டுதான் அசத்தும். ஒன்றில் மோதிரம், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண். கண்ணைக் கட்டி, தட்டுகளை இடம் மாற்றி வைத்து, கை வைக்கச் சொல்ல வேண்டும். மோதிரம் கல்யாணம். தண்ணீர் கடல் தாண்டிப் போவது. மண் என்றால் ஒரு வருஷத்துக்குள் சாவு. பாதி ஊர் கப்பலேறிப் போன ஒரு தேசத்தில் தண்ணீர்த் தட்டைத் தொட்டவளுக்கும் தாய் அழுதிருப்பாள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மண் தட்டை எடுத்துவிடுங்கள். விளையாட்டாக இருந்தாலும் சிலர் மனசில் அது தங்கிவிடும்.

கணவன் மனைவி பெயரில் இரண்டு ஹேசல் கொட்டையை நெருப்போரம் வைத்து, சேர்ந்து எரிகிறதா, ஒன்று வெடித்து ஓடுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. முடிவைச் சிரித்து மறந்துவிடக்கூடிய தம்பதிகளுக்கு மட்டும்.

கதை

இப்போது மின்விளக்கை அணைக்கலாம். டர்னிப் ஒன்று போதும். செல்போன்கள் வேறு அறைக்குப் போகட்டும்.

எந்தக் கதையைச் சொல்வது? 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்ட கதைகளை நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கின்றன. டூகஸ் (duchas.ie) என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம், ஊர்ப் பெயர் போட்டே தேடலாம். நீங்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்திலுள்ள பாழடைந்த வீட்டுப் பேய்கூட அகப்படலாம். அதைவிட நல்ல கதை வேறு கிடையாது.

எப்படிச் சொல்வது என்பதை ஒரு கதையை வைத்தே காட்டுகிறேன். டப்ளினுக்குத் தெற்கே மான்ட்பெலியர் குன்றின் உச்சியில் ஒரு கல் கட்டிடம் பாழாய்க் கிடக்கிறது. ஐரிஷ் நாடாளுமன்றத்தின் சபாநாயகராக இருந்த வில்லியம் கானலி 1725 வாக்கில் கட்டிய வேட்டை மாளிகை. உச்சியில் இருந்த பழைய ஈமக்குவியலின் கற்களைப் பெயர்த்துக் கட்டினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. புயலில் கூரை பறந்தபோது, கல்லறையில் கைவைத்தால் சும்மா விடுமா என்றார்கள். கானலி அசரவில்லை, கல்லாலேயே வளைவுக் கூரை போட்டுவிட்டார். அந்த இடத்தில் உண்மையிலேயே சுமார் 5,000 ஆண்டு பழமையான கல்லறை இருந்ததை 2016 அகழாய்வு காட்டியது. கானலிக்குப் பிறகு ஹெல்ஃபயர் கிளப் என்ற பணக்காரக் குடிகாரக் கூட்டம் அங்கே கூடியதாகச் சொல்கிறார்கள்.

இந்தத் தகவல்களை மெதுவாக, சாதாரணக் குரலில், செய்தி சொல்வதைப் போலச் சொல்லுங்கள். இடமும் ஆளும் நிஜமென்று கேட்பவர்களுக்கு உறைத்தால்தான் அடுத்தது எடுபடும். பிறகு குரலை உயர்த்தாமல் உள்ளே போங்கள்: மழை ராத்திரி. சீட்டாட்டம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நல்ல உடை போட்ட அந்நியன், மழைக்கு ஒதுங்கலாமா என்கிறான். உட்கார வைக்கிறார்கள். ஆடுகிறான், ஜெயிக்கிறான், மறுபடியும் ஜெயிக்கிறான். ஒருவன் கையிலிருந்து சீட்டு நழுவி மேசைக்கடியில் விழுகிறது. எடுக்கக் குனிகிறான்.

இங்கே நிறுத்துங்கள். வேர்க்கடலை ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது "அப்புறம்?" என்று கேட்கும்வரை பேசாதீர்கள்.

மேசைக்கடியில் எல்லாருடைய பூட்ஸும் தெரிகிறது. அந்நியன் உட்கார்ந்த இடத்தில் மட்டும், பிளந்த குளம்பு.

அவ்வளவுதான். சாத்தான் என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. அவன் நெருப்பாகி மறைந்தான் என்பதுதான் வழக்கமான முடிவு, அது இல்லாமலே கதை வலுவாக நிற்கும். பேயின் கூந்தல், ரத்தம், கோரைப்பல் என்று வர்ணிக்க ஆரம்பித்தால் கேட்பவர் மனசு சினிமாவுக்குப் போய்விடும். நம் ஊரில் சித்தப்பா சொல்லும் புளியமரத்துக் கதையும் "சைக்கிள் பின்னாடி திடீர்னு கனமாச்சு" என்ற ஒரே வரியில்தான் நிற்கிறது. ஒரு கதைக்கு ஒரு விபரீதம் போதும். எட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் ஜாக் கதையோடு முடித்து, தூங்க அனுப்பிவிட்டு இதை ஆரம்பியுங்கள்.

சுற்றி உட்கார்ந்தவர்கள் தாங்களாகவே அடுத்த கதையை எடுப்பார்கள். பான்ஷி வந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: அவள் யாரையும் கொல்வதில்லை, பழைய ஐரிஷ் குடும்பங்களில் சாவு விழப்போவதை முன்கூட்டி அழுது சொல்கிறவள். தரையில் கிடக்கும் சீப்பை எடுக்காதே என்று பாட்டிகள் மிரட்டியது, அது அவள் சீப்பாக இருக்கலாம் என்பதால்.

படுக்கப்போகும் முன்பும், அடுத்த நாட்களும்

இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை முக்கியமாக நவம்பர் 2-க்கு முந்தைய இரவோடு சேர்ந்தது. சில வீடுகளில் ஹாலோவீன் அன்றே ஒரு தட்டு கோல்கேனனை எடுத்து வைத்துவிடுவார்கள். அடுப்பில் தணலை அணையவிடாமல், நாற்காலியை நெருப்புப் பக்கம் திருப்பி, குடிக்கத் தண்ணீர் வைத்து, கதவைத் தாழிடாமல் படுத்தார்கள். இன்றைய நகரத்தில் கதவைத் தாழிட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படுங்கள்.

மான்ட்பெலியர் குன்றுக்கு ஏறுவதானால் மறுநாள் பகலில் போங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து அரை மணிக்குள் ஏறிவிடலாம், உச்சியிலிருந்து டப்ளின் விரிகுடா முழுக்கத் தெரியும். வழியில் முள்வேலிகளில் ப்ளாக்பெர்ரி மிச்சமிருக்கும், பறிக்காதீர்கள். சவ்வின் கழிந்தால் பூக்கா என்ற பேய்க்குதிரை அதில் எச்சில் துப்பிவிடுமாம். பூக்காவை நம்பாதவர்களுக்கும் அந்தப் பருவத்தில் அது புளித்து, பூஞ்சை பிடித்துத்தான் கிடக்கும்.

பிராக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். ரெண்டாம் நாளிலிருந்து டோஸ்ட் போட்டு, உப்பு வெண்ணெய் தடவினால் முதல் நாளைவிட ருசி. மிஞ்சிய கோல்கேனனை வடையாகத் தட்டித் தோசைக்கல்லில் போடலாம். டர்னிப்பை மட்டும் அழகாக இருக்கிறதென்று வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் முகம் சுருங்கும், நாலாம் நாள் நாறும். உணவுக் கழிவுக்கான பழுப்புக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.